கோடை வானிலையும் காட்டுத்தீப் புகையும்

(அமிர்தி வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



வேலூரை 'வெயிலூர்' என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலையடிவாரத்தில் காடு சூழ இருப்பதால் அமிர்தியில் அந்த அனல் சற்றுக் குறைவு. ஆனால் நகரத்தாருக்கு இல்லாத ஒரு தொல்லை கோடையில் நமக்கு உண்டு. அதுதான் காட்டுத்தீயும் அதன் புகையும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, மார்ச் முதல் மே வரையிலான கோடைக்குரிய வெப்பநிலைக் கணிப்பை ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் வெளியிடுகிறது. 'இயல்பைவிட அதிக வெப்பத்திற்கு வாய்ப்பு' என்று அதில் கண்டால், தினமும் கொளுத்தும் என்று பொருள் கொள்ளலாகாது. அது மூன்று மாதச் சராசரியைப் பற்றிய வாய்ப்புக் கணக்கு. நாளை என்ன வேலை செய்யலாம் என்பதை அதைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. எதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யலாம். நாள்வாரி வேலைக்கு, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளிவரும் வேளாண் வானிலை அறிவுரையைப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் 'மேகதூத்' செயலியிலும் இது கிடைக்கிறது.

அந்த அறிக்கையில் நம்மில் பெரும்பாலோர் மழை வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்து விடுகிறோம். கோடையில் நமக்கு அதைவிட முக்கியமானவை காற்றின் ஈரப்பதமும் வேகமும் ஆகும். ஜவ்வாது மலைக் காடுகள் பெரும்பாலும் இலையுதிர் காடுகள். மாசி, பங்குனியில் தரை முழுவதும் சருகு மூடிவிடும். பிற்பகல் ஈரப்பதம் 30 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கி, காற்றும் வீசுமானால், ஒரு பீடித் துண்டு போதும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் விரைந்து ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் சரிவில் தீயிடையே சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் அறிவோம்.

இனிப் புகைக்கு வருவோம். பகலில் வெயிலால் சூடான காற்று மேலெழும்போது புகையையும் தூக்கிச் செல்கிறது. மாலையில் மலைச்சரிவு குளிர்ந்ததும் கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கில் இறங்கும். மேலே எரிந்த காட்டின் புகையும் அதோடு இறங்கும். அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டாற்போல் நிற்பதால், விடியும்வரை புகை ஊருக்குள்ளேயே தேங்கி விடுகிறது. பங்குனிக் காலையில் வெண்மையாகத் தெரிவதைப் பனி என்று எண்ணி விடாதீர்கள். கருகிய நெடி அடித்தால் அது புகைதான். வெயில் ஏறி, 8 அல்லது 9 மணிக்கு மேல்தான் அது கலையும்.

இங்கேதான் ஒரு சிக்கல். 'கோடையில் விடியற்காலையிலேயே வயல் வேலையை முடித்துக் கொள்ளுங்கள்' என்று எங்களைப் போன்றவர்கள் சொல்லி வருகிறோம். வெயிலுக்கு அது சரியான யோசனையே. ஆனால் புகை தேங்கிய நாளில் விடியற்காலைதான் மூச்சுக்குக் கெடுதலான நேரம். அத்தகைய நாட்களில் புகை கலைந்த பின் இறங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் கரையேறுங்கள். மிச்ச வேலையை மாலை 4 மணிக்கு மேல் வைத்துக் கொள்ளலாம். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள் காலையில் வீட்டுக்குள்ளேயே இருப்பது நலம். ஈரத்துண்டை முகத்தில் கட்டிக் கொண்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. சாம்பல் தூளை அது தடுக்கும். நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகளைத் தடுக்காது. அது தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. 'என்-95' முகக்கவசமே அதற்கு ஏற்றது. ஒரு சில நாள் புகையால் பயிருக்குப் பெரிய நட்டம் வந்துவிடாது, ஆளுக்குத்தான் கேடு.

தீ எப்படிப் பிடிக்கிறது? மூங்கில் உரசிப் பற்றிக் கொண்டது என்பார்கள். பழி சொல்ல மூங்கில் வசதியானதுதான். உண்மையில் நம் நாட்டில் காட்டுத்தீயில் மிகப் பெரும்பாலானவை மனிதர் கையால் வருபவை. தேன் எடுக்கக் கொண்டு செல்லும் பந்தம், புளி பொறுக்குமுன் மரத்தடிச் சருகுக்கு வைக்கும் தீ, சாமைக் கொல்லையைச் சுத்தம் செய்ய வரப்பில் வைக்கும் தீ ஆகியவை எல்லை தாண்டிவிடுகின்றன. ஆட்டுக்கு இளம்புல் வரும் என்று கொளுத்துவோரும் உண்டு. துளிர் வருவது மெய்யே. ஆனால் அது வேரில் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்து வருவது. ஆண்டுதோறும் எரித்தால் நல்ல புல் நலிந்து, ஆடு தொடாத உண்ணிச்செடி அடியிலிருந்து மீண்டும் தழைத்து இடத்தைப் பிடித்துக் கொள்ளும்.

எரித்த சரிவில் அடுத்து என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். சித்திரையில் இடியோடு கோடைமழை பெய்யும். சருகு மூடிய நிலத்தில் அந்த மழை துளித்துளியாக இறங்கும். வெறும் நிலத்தில் சாம்பலையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போகும். நம் கிணற்றுக்கு ஊற வேண்டிய நீரும் அதோடு போய்விடும்.

ஆகவே கொல்லைக் கழிவை எரிக்காமல் குழியில் இட்டு, சாணக்கரைசல் தெளித்து, மண் மூடி மட்க விடுங்கள். கோடைமழை ஈரத்தில் சரிவுக்குக் குறுக்காக உழுதால், எரிப்பதற்குக் காரணமான களையும் மடியும். ஆடியில் சாமை விதைக்க நிலமும் பதப்படும். காட்டை ஒட்டிய கொல்லையாயின் தை முடியுமுன் ஓரத்தில் பத்தடி அகலத்துக்குச் சருகை முழுவதும் கூட்டி, மண் தெரியும்படி வையுங்கள். கூட்டிய சருகு குழிக்கே போகட்டும். புளிய மரத்தடிச் சருகுக்கும் இதுவே வழி. வைக்கோற்போரை வீட்டுக்கும் காட்டுக்கும் இடையே போடாதீர்கள். மலையில் புகை எழக் கண்டால் சரிவில் மேலேறி அணைக்கப் போக வேண்டாம். உடனே வனக் காவலருக்குச் சொல்லுங்கள். தீ ஊரை நெருங்கினால் 101-க்குத் தகவல் கொடுங்கள். எந்தப் பக்கச் சரிவு, காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால், அணைக்க வருவோர் எந்த வழியாக ஏறுவது என்று முடிவு செய்ய உதவும்.