குடற்புற்றும் குடும்பத்தாரும்



1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகனில் தையற்பெண்மணி ஒருவர், தம் குடும்பத்தார் பலரைப் போலத் தாமும் புற்றுநோயால் இறக்க நேரும் என மருத்துவர் வார்தினிடம் கூறி வருந்தினார். அவ்வாறே கருப்பைப் புற்றால் இளவயதில் மாண்டார். அக்குடும்ப வரலாற்றை வார்தின் 1913-இல் வெளியிட்டார். அக்குறையே இன்று லிஞ்ச் நோய்க்குறி எனப்படுகிறது.

குடற்புற்று நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் மூவருக்கு இஃது உண்டு. பெற்றோரில் ஒருவரிடம் இம்மரபணுப் பழுது இருப்பின், ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்புண்டு.

வயதையும் குடும்ப வரலாற்றையும் மட்டும் பார்த்தால் பலர் விடுபடுவர். ஆகவே, குடற்புற்று கண்ட அனைவரையும் இதற்கெனச் சோதிக்குமாறு பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-இல் பரிந்துரைத்தது. அகற்றிய கட்டித் துண்டில் நான்கு புரதங்கள் உளவா எனப் பார்ப்பது முதற்சோதனை. இதனால் நோயாளிக்குப் புதிய வலி இல்லை. ஐயமெழுந்தால் மேற்சோதனைகள், இறுதியில் இரத்தத்தில் மரபணுச் சோதனை.

பழுதுள்ள உறவினர் பெரும்பாலும் ஈராண்டுக்கொருமுறை குடலைக் குழாய்க்கருவியால் பார்த்துக்கொண்டால், முளைகளைப் புற்றாகுமுன்னரே அகற்றலாம். பழுதில்லாதோர்க்கு அத்தொல்லையும் இல்லை.

ஆனால் நம்மிடையே, சம்பந்தம் தடைப்படுமென்று வாப்பாவின் நோயைப் பிள்ளைகளிடமே மறைக்கும் வீடுகள் உள. அவ்வீட்டார்க்கே இதனைக் கூறுகிறோம்: கட்டித் துண்டு சோதிக்கப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள், விடையைப் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தார்க்கும் சொல்லுங்கள்.