மலாக்காவில் ஒரு போகிப் படையல்



மலேசியா என்றதும் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று இனங்களைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அங்கே அரசாங்கப் படிவங்களும் பெரும்பாலும் அப்படித்தான்: இந்த மூன்று கட்டங்கள், நாலாவதாக 'லாயின் லாயின்', அதாவது மற்றவர்கள். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3 கோடியே 24 லட்சம். குடிமக்களில் பூமிபுத்ராக்கள் 69.4 விழுக்காடு, சீனர் 23.2, இந்தியர் 6.7. பூமிபுத்ரா என்றால் மலாய்க்காரர் மட்டுமல்ல. தீபகற்பத்தின் ஒராங் அஸ்லி பழங்குடிகள், சரவாக்கின் இபான், பிடாயு, மெலானாவ் மக்கள், சபாவின் கடசான், டூசுன் மக்கள் எல்லோரும் அதில் அடக்கம்.

இன்று நான் பேச விரும்புவது எந்தக் கட்டத்திலும் சரியாக உட்காராத மனிதர்களைப் பற்றி. அதற்கு மலாக்காவுக்குத்தான் போக வேண்டும்.

சுல்தான்கள் காலத்திலேயே அது பெரிய துறைமுகம். குஜராத்தியர், தமிழர், சீனர், ஜாவாக்காரர் எல்லோரும் அங்கே சரக்கு இறக்கி, பருவக்காற்று திசைமாறும் வரை மாதக்கணக்கில் தங்குவார்கள். தங்கியவர்களில் பலர் அங்கேயே பெண்ணெடுத்தார்கள். தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் மலாக்கா செட்டிகள். சீனர் வழியில் பாபா நியோன்யா. 1511-இல் ஊரைப் பிடித்த போர்த்துகீசியரின் வழியில் கிறிஸ்தாங் மக்கள்.

மலாக்கா செட்டிகளை நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் அவர்களுக்கு வெகுகாலம் முன்பே போனவர்கள். காஜா பேராங் என்ற பகுதியில் இவர்களுடைய கிராமம் இருக்கிறது. வீட்டில் பேசுவது மலாய். தமிழ் பெரும்பாலோருக்குத் தெரியாது. விசேஷ நாளில் பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். ஆனால் கும்பிடுவது பிள்ளையாரை, மாரியம்மனை. பெயருக்குப் பின்னால் பிள்ளை என்றோ நாயக்கர் என்றோ வரும்.

போகியன்று இவர்கள் வீட்டில் முன்னோருக்குப் படைக்கிறார்கள். 'போகி பார்ச்சு' என்று பெயர். வாழையிலை விரித்து, தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், மீன், கோழிக்கறி, போனவர்களுக்குப் பிடித்த பலகாரங்கள் எல்லாம் வைக்கிறார்கள். பச்சைப்பயறையும் வெல்லத்தையும் உருண்டை பிடித்து மாவில் தோய்த்துப் பொரிக்கும் கண்டா கஸ்தூரியும் உண்டு. தென்பாண்டிச் சீமைக்காரர்கள் அதைப் பார்த்தால் முந்திரிக்கொத்து என்றே சொல்லிவிடுவார்கள். சாம்பிராணி போட்டுக் கும்பிட்ட பிறகுதான் குடும்பம் சாப்பிடும். மறுநாள் பொங்கல்.

இவர்களுடைய ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் எழுந்தது. நிலம் கொடுத்தது அப்போது மலாக்காவை ஆண்ட டச்சுக்காரர்கள். அதே தெருவில் சில அடி நடந்தால் 1748-ஆம் ஆண்டுப் பள்ளிவாசல்: அடுக்கடுக்கான சுமத்ரா பாணிக் கூரை, சீனக் கோபுரம் போன்ற மினாரா. இன்னும் சற்றுத் தள்ளி, 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய செங் ஹூன் தெங் சீனக் கோயில். பள்ளிவாசலைக் கட்டும்போது எந்த இனத்துக் கட்டடக் கலை என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அரசியல் சட்டமோ கணக்குப் பார்க்கிறது. 160-ஆவது பிரிவின்படி மலாய்க்காரர் என்பவர் இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், மலாய் பேச வேண்டும், மலாய் வழக்கங்களை அனுசரிக்க வேண்டும். செட்டிகளை அங்கே சேர்த்தால் மதம் உதைக்கிறது. இந்தியரோடு வைத்தால் மொழி உதைக்கிறது. 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு, 1970-இல் 'ருக்குன் நெகாரா' என்ற தேசியக் கோட்பாட்டை அறிவித்து ஒற்றுமையை வளர்க்க அரசு முனைந்தது. தேவையான முயற்சிதான். ஆனாலும் ஒரே வீட்டுக்குள் சாரோங்கும் பிள்ளையாரும் சேர்ந்திருக்க முடியும் என்பதை இந்தச் சின்னச் சமூகம் பல தலைமுறைகளாக நடத்திக் காட்டியிருக்கிறது. கோட்பாடு எழுதுகிறவர்கள் இவர்களிடம் வந்து கேட்டிருக்கலாம்.

செட்டிகள் தொகையில் மிகக் குறைவு. பிள்ளைகள் வேலைக்காகக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். மலாக்கா போகும் நம்மவர்கள் பழைய போர்த்துகீசியக் கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை ஜனவரியில் போகிறவர்கள் காஜா பேராங் பக்கமும் போங்கள். அங்கே இவர்களுக்கென்று ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. மலாய் தெரிந்தால் பேச்சுக் கொடுங்கள். தெரியாவிட்டாலும் ஆங்கிலத்தில் பேசுவார்கள்.