கடுகண்ணாவையில் கனத்த சுக்கான்



கண்டியிலிருந்து கொழும்புக்குப் புறப்படுபவர் பேராதனை, பிலிமத்தலாவை கடந்து கடுகண்ணாவை இறக்கத்தில் காரை விடும்போது, ஒரு வளைவு முடியுமுன்னரே மறு வளைவு எதிர்ப்படும். சென்ற ஆண்டு அங்கேதான் என் காரின் சுக்கான் திடீரெனக் கனத்துப்போயிற்று. முன்னே பேருந்து, பக்கத்தில் பள்ளம். மெதுவாகச் சென்றமையால் இரு கைகளாலும் வலிந்து திருப்பி ஓரத்தில் நிறுத்தினேன்.

பவர் ஸ்டியரிங் என்பது நம் கைக்கு எண்ணெயின் அழுத்தம் செய்யும் உதவியாகும். இயந்திரத்தோடு சுழலும் சிறு பம்பு ஒன்று அவ்வழுத்தத்தைத் தருகிறது. 1951-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் இவ்வசதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்ணெய் வற்றினாலும் சுக்கானுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுவதில்லை. உதவி மட்டுமே அற்றுப்போகும். இக்காலத்துப் புதிய கார்கள் பலவற்றில் மின்மோட்டாரே இவ்வேலையைச் செய்வதால், அவற்றில் எண்ணெய்க் கலத்தைத் தேட வேண்டியதில்லை.

கலம் உள்ள காராயின், அதனைச் சமதரையில் நிறுத்துங்கள். கண்டியில் சமதரை கிடைப்பது அரிது என்பதை நான் அறிவேன்; ஆயினும் சரிவில் பார்த்த அளவு பொய் சொல்லும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்த பின்னரே திறக்க வேண்டும். சூடான எண்ணெய் விரிந்து உயருமாதலால், பல கலங்களில் சூட்டுக்கு ஒரு கோடும் குளிருக்கு ஒரு கோடும் இட்டிருப்பார்கள். குறைந்திருந்தால் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மேற்கோட்டைத் தாண்ட வேண்டாம்.

எந்த எண்ணெய் என்பதைக் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களுக்குத் தானியங்கிக் கியருக்குரிய செந்நிற எண்ணெய் பொருந்தும். சிலவற்றுக்குத் தனி எண்ணெயே வேண்டும். பிரேக் எண்ணெயை மட்டும் மறந்தும் ஊற்றாதீர்கள். அது உள்ளிருக்கும் இரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும்.

இனி, என் பிழையைச் சொல்லுகிறேன். அந்தப் பயணத்துக்கு முந்திய இரண்டு மாதங்களில் மூன்று முறை எண்ணெய் ஊற்றியிருந்தேன். காரை நன்கு பேணுகிறேன் என்ற பெருமையும் எனக்கிருந்தது. பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருளன்று இது. மூடிய வழியிலேயே சுற்றிவருவது. அளவு மீண்டும் மீண்டும் குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது என்பதே பொருள். இரவில் காரின் முன்பக்கத்தின் கீழே ஒரு மட்டையட்டையை விரித்திருந்தால் காலையில் கறை தெரிந்திருக்கும். நான் விரிக்கவில்லை. கராஜில் காரை உயர்த்திப் பார்த்தபோது, பம்பிலிருந்து செல்லும் இரப்பர்க் குழாயில் விரல்நுனியளவு வெடிப்பு ஒன்று இருந்தது.