பட்டத்தின் விலையும் பட்டத்தின் மதிப்பும்

(மாணவர், இளைஞர் அரங்கப் பொறுப்பாளர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் மே மாதம் பிறந்தவுடன் நாளிதழ்களின் பக்கங்கள் கல்லூரி விளம்பரங்களால் நிறைந்துவிடுகின்றன. அவற்றுள் அண்மைக் காலத்தில் முன்வரிசைக்கு வந்திருப்பது தகவல் தொழில்நுட்ப மேலாண்மை. கணினி அறிவையும் நிர்வாக அறிவையும் ஒருங்கே தரும் படிப்பு என்பது விளக்கம். விளக்கத்தில் பிழையில்லை. வங்கியாயினும் மருத்துவமனையாயினும், அதன் கணினி அமைப்புகளைத் திட்டமிடவும், செலவைக் கணக்கிடவும், தரவுகளைப் பாதுகாக்கவும் பயிற்சி பெற்றவர்கள் தேவை. ஆனால் ஏறத்தாழ ஒரே பாடத்திட்டம் ஓரிடத்தில் சில ஆயிரங்களுக்கும் மற்றோரிடத்தில் பல இலட்சங்களுக்கும் கிடைக்கிறது. இந்த வேறுபாட்டின் காரணத்தை எடுத்துச் சொல்ல ஆளின்றி, உழைக்கும் குடும்பங்கள் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுகின்றன.

இந்நிலை தானாக வந்ததன்று. 1993ஆம் ஆண்டு உன்னிகிருஷ்ணன் வழக்கில், தனியார் தொழிற்கல்லூரிகளின் இடங்களில் பாதியை அரசுக் கட்டணத்தில் நிரப்ப வேண்டும் என்ற திட்டத்தை உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2002இல் டி.எம்.ஏ.பாய் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்திட்டத்தை நீக்கியது. இலாப வேட்டை கூடாது என்று அத்தீர்ப்பு கூறினாலும், 'நியாயமான உபரி'க்கு இடமளித்தது. மறுபுறம், தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்ற கோத்தாரிக் குழுவின் 1966ஆம் ஆண்டுப் பரிந்துரை இன்றுவரை நிறைவேறவில்லை. 2017இல் உயர்கல்வி நிதி முகமை உருவாக்கப்பட்டபின், மானியம் பெற்றுவந்த அரசு நிறுவனங்களும் கட்டடத்திற்கும் கருவிகளுக்கும் கடன் வாங்கும் நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளன. அக்கடனின் சுமை இறுதியில் மாணவர் கட்டணத்தில் வந்து விழுகிறது.

இப்பின்னணியில் ஒரு குடும்பம் மூன்று வினாக்களை எழுப்பியாக வேண்டும்.

முதல் வினா: பட்டம் தருவது யார்? 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆவது பிரிவின்படி, சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், நாடாளுமன்றச் சட்டத்தால் சிறப்பு அதிகாரம் பெற்ற நிறுவனமுமே பட்டம் வழங்கலாம். தனித்து இயங்கும் மேலாண்மை நிறுவனங்கள் பல தருவது முதுநிலைப் பட்டயம், அது பட்டமன்று. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு வெளியிட்டுவருகிறது. அதில் தலைநகர் தில்லியின் முகவரிகள் கணிசமானவை. 2024-25 முதல் பிசிஏ, பிபிஏ படிப்புகளும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் வரம்புக்குள் வந்துள்ளன; கல்லூரி அந்த ஒப்புதலைப் பெற்றுள்ளதா என்று பார்க்க வேண்டும். தரச்சான்றை மட்டும் நம்பியிருக்கவும் இயலாது. 2025 பிப்ரவரியில், உயர்ந்த தரநிலை வழங்கக் கையூட்டுப் பெற்றதாக ஆய்வுக் குழுவினரையே மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது.

இரண்டாம் வினா: மொத்தச் செலவு எவ்வளவு? ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் 2 இலட்சம் வீதம் 6 இலட்சம் ரூபாய் கடன். வட்டி 10 விழுக்காடு. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்குகிறது. தவணை இல்லாத காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் நான்காண்டு முடிவில் கடன் 7.8 இலட்சமாகியிருக்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 10,300 ரூபாய் கட்ட வேண்டும். 6 இலட்சத்திற்குத் திருப்பித் தருவது 12 இலட்சத்திற்கும் மேல். பெரும் நிறுவனங்களில் புதியவர்க்குரிய ஊதியமோ நீண்ட காலமாக ஆண்டுக்கு மூன்று, நான்கு இலட்சம் என்ற அளவிலேயே தேங்கிக் கிடக்கிறது. 'உயர்ந்தபட்ச ஊதியம்' என்று விளம்பரம் காட்டும் தொகை ஒரே ஒரு மாணவருடையது. எத்தனை பேர் படித்தனர், எத்தனை பேர் வேலை பெற்றனர், நடுவில் நிற்பவரின் ஊதியம் என்ன என்று கேட்பதே முறை.

மூன்றாம் வினா: கற்பிப்பது என்ன, கற்பிப்பவர் யார்? தரவுத்தளம், கணினி வலையமைப்பு, தகவல் பாதுகாப்பு, கணக்கியல், திட்ட மேலாண்மை ஆகியவை பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், ஆய்வகம் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பவற்றை, அங்கே பயிலும் மூத்த மாணவரிடம் கேட்டறியலாம்.

இவ்வினாக்களுடன் தேடுவோர்க்குப் பொதுத்துறையில் வழிகள் உண்டு. அரசுக் கல்லூரிகளின் பிசிஏ, பல்கலைக்கழகத் துறைகளின் இரண்டாண்டு எம்சிஏ ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. குவாலியரில் 1997இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் நிறுவனம் தகவல் தொழில்நுட்பத்தையும் மேலாண்மையையும் பெயரிலேயே இணைத்திருக்கிறது. கேரள அரசு 2000இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய அத்தகைய நிறுவனம், 2020இல் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் டிஜிட்டல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்போர்க்கு 1985இல் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில் ஜேஇஇ தேர்வின்றிச் சேரலாம். நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அங்கு வருமான அடிப்படையில் கட்டணச் சலுகையும் உண்டு. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்திற்கு இணையானவை என்பதை மானியக் குழு 2022இல் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு, கல்வி வணிக நிறுவனங்களுக்கு உரிமம் தந்து பட்டப்படிப்பு நடத்துவதற்கு அனுமதியில்லை என்றும் எச்சரித்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு ஆசிரியரும் ஆய்வகமும் உடன் பயில்வோரும் தரும் துணையைக் கைப்பேசித் திரை தர இயலாது. இணையவழிப் படிப்பைக் காரணம் காட்டி அரசு புதிய கல்லூரி திறவாமல், காலிப் பணியிடம் நிரப்பாமல் இருப்பதை ஏற்கவியலாது. ஒரு குடும்பம் நல்ல படிப்பைத் தேடிக்கொள்வதோடு சிக்கல் தீர்ந்துவிடாது; அடுத்த குடும்பம் அதே விளம்பரத்தின் முன் நிற்கும்.

ஆகவே கிளைகளின் பணி இரு திசைகளில் அமைய வேண்டும். மதிப்பெண் பட்டியல் வெளியாகும் நாள்முதல் சேர்க்கை முடியும்வரை ஒவ்வொரு பகுதியிலும் வழிகாட்டு மேசை இயங்கட்டும். அங்கீகாரத்தைச் சரிபார்க்கவும், கடன் கணக்கைப் போட்டுக் காட்டவும், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பவும் இரண்டு தோழர்கள் போதும். 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து மாநிலங்களில் அமைந்த கட்டண நிர்ணயக் குழு விதித்த தொகை எது, கல்லூரி கேட்கும் தொகை எது என்று ஒப்பிட்டு, மிகுதியாகக் கேட்குமிடத்தில் எழுத்து மூலம் புகார் அளிக்கப்பட வேண்டும். அம்மேசையில் திரளும் விவரங்களே, 6 விழுக்காடு ஒதுக்கீடு, அரசுக் கல்லூரிகளில் கூடுதல் இடங்கள், நிரந்தர ஆசிரியர் நியமனம் ஆகிய கோரிக்கைகளுக்கான போராட்டத்திற்கு ஆதாரமாகும். விண்ணப்பம் நிரப்ப வந்த பெற்றோர் அப்போராட்டத்திற்கும் வருவர்.