அயல் வீட்டுக் கிணறு
(நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றிய உரை)



1990களின் முற்பகுதியில் மின்சாரமின்றி இருந்த நம் விடுதியில், கிணற்றடியும் ஒரு வகுப்பறைதான். முறை வைத்துத் தண்ணீர் அள்ளுவோம். வாளியை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பக் கிணற்றுக்குள் விட்டால் விடுதிப் பொறுப்பாளரிடம் பேச்சு விழும். "உனக்குப் பின்னால் வருகிற பிள்ளையும் இதைத்தான் குடிக்க வேண்டும்" என்பார். அந்தப் பாடத்தை நாங்கள் மறந்த கதையைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கை ஆறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குவதே நமது நன்னீர். வெடிப்பும் துவாரமும் நிறைந்த அந்தக் கல்லுக்கு வளவு எல்லை தெரியாது. தோட்டத்துக்கு அளவு மீறிப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழிக் கழிவும் நைத்திரேற்றாகி நீரில் கலக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். நம் கிணறுகள் பல அதைத் தாண்டியுள்ளன. அந்த நீரில் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், சிறு குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து, உடல் நீலம் பாரிக்கலாம்.

தாய்மாருக்கு "கொதித்தாறிய நீர் கொடுங்கள்" என்று சொல்லிப் பழகிய வைத்தியர்கள் நாங்கள். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதித்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

இவ்வளவும் தெரிந்த நாங்கள் வீடு கட்டியபோது என்ன செய்தோம்? மலசலகூடக் குழியை எங்கள் கிணற்றிலிருந்து தள்ளி, மதிலோரம் வெட்டினோம். மதிலுக்கு அப்பால் அயல் வீட்டுக் கிணறு. அங்கே அப்போது ஒரு கைக்குழந்தை. பிள்ளைக்கு எதுவும் நேரவில்லை. அது இறைவனின் இரக்கம், எங்கள் கவனமல்ல.

"எனக்கு அயலான் யார்?" என்ற கேள்விக்கு இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை எத்தனை முறை இந்த ஆலயத்தில் கேட்டிருப்போம்! ஏதேன் தோட்டம் மனிதனிடம் கொடுக்கப்பட்டது, பண்படுத்துவதற்காக மட்டுமல்ல, காப்பதற்காகவும்தான் என்று ஆதியாகமம் சொல்வதையும் படித்தோம். மரபுவழித் திருச்சபையின் பிதாப்பிதா பர்த்தொலொமேயு 1997இல் இயற்கைக்கு இழைக்கும் தீங்கைப் பாவம் என்றே அழைத்தார். மிகையான சொல்லோ என்று முதலில் நினைத்தோம். மதிலோரக் குழி நினைவுக்கு வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

அந்தக் குழியை மூடினோம். அடிப்பகுதியும் பூசிய, கசியாத தொட்டி கட்டினோம். அயல் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னோம். குழி மூடுவதைவிட அதுதான் கடினமாக இருந்தது.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்பும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: குழி எங்கே, அயலவரின் கிணறு எங்கே? வளவு முழுவதும் சீமெந்து போட வேண்டாம். மழை இறங்க மண் விடச் சொல்லுங்கள். ஊரில் இருப்பவர்களே, கிணற்று நீரைப் பரிசோதிப்போம். பசளையை அளவோடு இடுவோம். எந்தச் சமயத்தவராயினும் நாம் எல்லோரும் குடிப்பது ஒரே நீர்தான்.

நமக்கு முன்னே வந்தவர்கள் நூறு ஆண்டுகளாக இந்தக் கிணற்றைச் சுத்தமாக வைத்துத் தந்தார்கள். நமக்குப் பின்னால் வருகிற பிள்ளையும் இதைத்தான் குடிக்க வேண்டும்.