ஒரு நாள் போட்டியும் இருபதாண்டு அனுபவமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தவர்கள் நாங்கள். பொறியியல் மாணவர்களின் தொழில்நுட்பப் போட்டியைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறே நாங்களும் எண்ணினோம். அதனால் ஒரு பிழையும் செய்தோம். அப்பிழையைச் சபையோர் முன் சொல்லவே இம்மேடை ஏறினோம்.

இப்போட்டிகளை ஹேக்கத்தான் என்கிறார்கள். 1999-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கனடா நாட்டுக் கால்கரி நகரில் பத்துக் கணிப்பொறி வல்லுநர்கள் ஓரிடத்தில் கூடிப் பணியாற்றினார்கள். அக்கூட்டத்திற்கு வழங்கிய பெயரே இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் நாட்டிலும் 2017-ஆம் ஆண்டு ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் தொடங்கிற்று. மத்திய அமைச்சகங்கள் தத்தம் துறையின் இடர்ப்பாடுகளை வினாக்களாக விடுத்தன. அறுவர் கொண்ட குழுவில் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும் என்பது விதி. 36 மணி நேரம் இடைவிடாது உழைத்து மாணவர்கள் விடை கண்டார்கள். இதனைப் பின்பற்றிக் கல்லூரிகள் பலவும் வணிக நிறுவனங்களிடம் வினாப் பெற்று ஒரு நாட் போட்டிகளை நடத்துகின்றன.

சென்ற ஆண்டு இந்நகரத்துக் கல்லூரி ஒன்றில் அத்தகைய போட்டி நடந்தது. எங்கள் மகளும் தோழர் ஐவரும் அதில் கலந்துகொண்டார்கள். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்று முதல் நாளே வினாவை அளித்திருந்தது. வந்திறங்கிய சரக்கை உரியவர்கள் காலத்தில் எடுத்துச் செல்வதில்லை. கிடங்கில் இடம் அடைபடுகிறது. மீனும் வெற்றிலையும் அழுகிப் போகின்றன. இதற்கு வழி யாது என்பதே வினா.

அன்றிரவு மகள் எங்களிடம் வந்து, “அப்பா, இது உங்கள் வேலைதானே, ஏதாவது சொல்லுங்கள்” என்றாள். “அம்மா, நாங்கள் மெட்ரிக் படித்தவர்கள், உன் பேராசிரியரைக் கேள்” என்று கூறி அனுப்பிவிட்டோம். அதுவே நாங்கள் செய்த பிழை.

பிள்ளைகள் இரவு முழுதும் கண் விழித்து, சரக்கு வந்தவுடன் உரியவரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் செயலி ஒன்றை அமைத்தார்கள். அழகான செயலிதான். ஆனால் நடுவர்களுள் முதியவர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “செய்தி கிடைத்தும், ரசீது கையில் இல்லாதவர் என்ன செய்வார்?” பிள்ளைகள் விடையறியாது நின்றார்கள். பரிசு கிட்டவில்லை.

அன்பர்களே, பார்சல் அலுவலகத்தில் ஒரு மாதம் இருந்த எவருக்கும் இது தெரியும். சரக்கு வந்ததைப் பலர் அறிந்தே இருக்கிறார்கள். அனுப்பியவரிடமிருந்து ரசீது வந்து சேராததால் கைபிசைந்து நிற்கிறார்கள். ரசீது இல்லையேல் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும்; அதற்குள் சலுகை நேரம் கடந்து வார்பேஜ் கட்டணம் ஏறும். இருபது ஆண்டுகளாக நாள்தோறும் கண்ட காட்சி இது. இதனை ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். தாழ்வு மனப்பான்மை எங்கள் வாயை அடைத்துவிட்டது.

எழுத்தர் கண்ட வழி உலகையே ஆண்டதுண்டு. இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் தச்சுத் தொழிலில் நொடித்துப்போய், 1836-ஆம் ஆண்டு மில்டன் என்னும் சிற்றூர் நிலையத்தில் பணிக்கமர்ந்தார். ஒவ்வொரு பயணிக்கும் கையால் சீட்டெழுதும் தொல்லை அவரை வருத்திற்று. கணக்கைச் சரிபார்க்கவும் வழியில்லை. வரிசை எண் அச்சிட்ட சிறு அட்டைச் சீட்டையும், அதில் தேதி பதிக்கும் கருவியையும் அவர் உண்டாக்கினார். நம்மில் மூத்தோர் ஊருக்குப் போகும்போதெல்லாம் கையில் பிடித்திருந்த அட்டைச் சீட்டு அவர் தந்ததே. அவர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். துன்பத்தின் அருகில் அமர்ந்திருந்தவர்.

ஆகவே மாணவச் செல்வங்களே! ஒரு நாளில் செயலி செய்துவிடலாம்; ஒரு நாளில் தொழிலை அறிய இயலாது. போட்டிக்கு முன்னர்க் கிடங்கிற்குச் செல்லுங்கள். மூட்டை சுமப்பவரைக் கேளுங்கள். உங்கள் தந்தையாரைக் கேளுங்கள். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், போட்டி முடிந்த மறுநாள் மீண்டும் அங்கே செல்லுங்கள். மேடையில் கைதட்டல் பெற்ற விடை கிடங்கில் உதவுகிறதா என்று அப்பொழுதுதான் விளங்கும்.

பெற்றோர்களே! பிள்ளை கேட்கும்போது, எமக்கென்ன தெரியும் என்று ஒதுங்காதீர்கள். திங்கள்தோறும் ஒரு ஞாயிறு மாலை, நம் சங்க நூலகத்தில் மூத்தவர் ஒருவர் தம் தொழிலின் இடர்ப்பாடு ஒன்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கச் செயற்குழு ஆவன செய்ய வேண்டுகிறோம். முதல் ஞாயிற்றுக்கு நாங்களே வருகிறோம். மகளுக்கு அன்று சொல்லாததை அனைவர்க்கும் சொல்கிறோம்.