ஒரே இதழில் இரு குரல்



கருத்து மாறுபட்ட அன்றே நட்பும் முறிந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். காந்தியடிகளும் கவியரசர் தாகூரும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படிப்போர் அவ்வாறு எண்ணமாட்டார்கள். ஒத்துழையாமை, இராட்டை ஆகியவை பற்றி அவ்விருவரும் பல்லாண்டுகள் வாதிட்டனர். அவற்றை விடுத்து, நம் திருநெல்வேலியில் தொடங்கிய வாதம் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பிற்பகலில் பீகாரைப் பெரும் பூகம்பம் உலுக்கிற்று. முங்கேரும் முசபர்பூரும் இடிபாடுகளாயின. வயல்கள் பிளந்து மணலும் நீரும் பீறிட்டெழுந்தன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. பீகாரிலும் நேபாளத்திலுமாகப் 10,000 பேருக்குமேல் மாண்டனர். சிறையிலிருந்து விடுதலை பெற்ற இராசேந்திர பிரசாத், உடல்நலம் குன்றியிருந்தும் துயர்துடைக்கும் பணியில் இறங்கினார்.

காந்தியடிகள் அப்போது தீண்டாமை ஒழிப்பிற்காகத் தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். சனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனையே இப்பூகம்பம் எனத் தாம் நம்புவதாகக் கூறினார்.

செய்தித்தாளில் இதனைக் கண்ட தாகூர் வருந்தினார். அவரும் தீண்டாமையை வெறுத்தவரே. ஆயினும் இயற்கையின் நிகழ்ச்சிக்கு இயற்கையிலேயே காரணம் தேடவேண்டும் என்பது அவர் கொள்கை. நம் பாவத்தைப் பூகம்பத்தோடு பிணைத்தால், தீண்டாமையைப் போற்றுவோரும் அதே பூகம்பத்தைக் காட்டி அடிகளைப் பழிக்கலாமே என்று அவர் கேட்டார். அந்த மறுப்பை அவர் யாருக்கு அனுப்பினார் தெரியுமா? அடிகளுக்கே அனுப்பி, செய்தி மெய்யாயின் வெளியிடுமாறு வேண்டினார்.

அடிகள் அதனைப் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. பிப்ரவரி 16ஆம் நாள் வெளிவந்த தமது 'ஹரிஜன்' இதழில் தாகூரின் மறுப்பையும் தம் விடையையும் ஒருங்கே அச்சிட்டார். தம் நம்பிக்கையை மெய்ப்பிக்கத் தம்மால் இயலாது என்பதை ஒப்பினார். ஆனால் ஏளனத்திற்கு அஞ்சி அதனை மறைப்பது கோழைமை என்றும் எழுதினார்.

இவ்வழக்கில் என் தீர்ப்பு தாகூர் பக்கமே. இந்திய நிலத்தட்டு இமயத்தின் அடியில் ஓயாது நெருக்கிச் செல்வதால் அங்கே பூமி அதிர்கிறது என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். மேலும், அந்த இடிபாடுகளில் மாண்டவர்களுள் தீண்டாமைக் கொடுமையால் நலிந்தோரும் இருந்தனரல்லவா? அவர்கள் செய்த பாவம் யாது?

ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் இவ்விவாதத்தை நான் வகுப்பில் கூறியதில்லை. மகாத்மா தவறினார் என்றால் பிள்ளைகளிடம் அவர் மதிப்புக் குறையும் என அஞ்சினேன். பேச்சுப் போட்டிக்கு ஆயத்தம் செய்த மாணவன் ஒருவன் நூலகத்தில் இதனைக் கண்டு, "ஐயா, இதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டான். எனக்கு நா எழவில்லை. அடிகள் தாமே அச்சிட்டு ஊரறியச் செய்ததை நான் ஒளித்துவைத்திருந்தேன்!

அந்த நட்பின் ஆழத்தை அறிய இரண்டு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1932 செப்டம்பர் 20ஆம் நாள், தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி வழங்கும் ஏற்பாட்டை எதிர்த்து, ஏரவாடாச் சிறையில் அடிகள் உண்ணாநோன்பு தொடங்கவிருந்தார். அன்று விடியற்காலை 3 மணிக்கு எழுந்து தாகூருக்குக் கடிதம் எழுதினார்: மனம் ஒப்பினால் ஆசி தருக, ஒப்பாவிடில் கண்டித்து எழுதுக என்பது அதன் கருத்து. அது அஞ்சலில் சேருமுன்பே தாகூரின் ஆசி தந்தியாக வந்தது. அதன்பின் அம்முதியவர் தாமே சிறைக்கு வந்துவிட்டார். 26ஆம் நாள் நோன்பு முடிந்தபோது அருகிருந்து பாடியவரும் அவரே.

பூகம்ப வாதத்திற்குப் பின்னர் என்ன நேர்ந்தது? 1936ஆம் ஆண்டில், முதுமைத் தளர்ச்சியையும் பாராது, விசுவபாரதிக்குப் பொருள் திரட்ட நாடகக் குழுவுடன் ஊர் ஊராகச் சென்ற தாகூரைத் தில்லியில் அடிகள் கண்டார். உள்ளம் பொறுக்கவில்லை. அன்பர் ஒருவர்வழி 60,000 ரூபாய் வரச்செய்து, அவ்வலைச்சலை நிறுத்தினார். 1940 பிப்ரவரியில் அடிகள் சாந்திநிகேதனம் சென்று விடைபெறும் வேளையில், தாகூர் அவர் கையில் ஒரு கடிதத்தைத் தந்தார். தம் வாழ்நாளின் செல்வமாகிய விசுவபாரதியை அடிகள் தம் காப்பில் ஏற்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் கவிஞர் மறைந்தார். 1951ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தால் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதனைக் காண அடிகளும் இல்லை.